ஒன்பது வருஷம் பக் போட்டவளுக்கு பக் போடும் லீட்கோட்

ஒன்பது வருஷமாக நான் பார்ப்பது மேனுவல் டெஸ்டிங். கோவை சரவணம்பட்டியில் வேலை, கணபதியில் வீடு. டெவலப்பர் எழுதித் தருவதை உடைத்துப் பார்க்க வேண்டும், உடைந்தால் பக் (பிழை) என்று டிக்கெட் போட வேண்டும். என்ன கொடுத்தேன், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும். இந்த மூன்று வரியை எத்தனை ஆயிரம் முறை தட்டியிருப்பேன் என்று கணக்கே இல்லை. போன வருஷக் கடைசியில் ஒரு மீட்டிங்கில் மேனேஜர், "இனிமே ஆட்டோமேஷன் தெரிஞ்சவங்களுக்குத்தான்..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். மீதிப் பாதி எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

ஆட்டோமேஷன் டெஸ்டர் வேலைக்கு இன்டர்வியூ போனால் கோடிங் ரவுண்டு உண்டு. பிரௌசரைத் தானாக இயக்கிச் சோதிக்கும் செலினியம் என்ற கருவி மட்டும் தெரிந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போய் வந்த தோழிகள் எல்லோரும் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள்: லீட்கோட். இன்டர்வியூவில் கேட்கும் மாதிரி கோடிங் கணக்குகளைப் போட்டுப் பழகும் இணையதளம். ஏழு மாதம் ஆகிறது. போட்டது மொத்தம் 61 கணக்கு. அதில் 52 ஈஸி, 9 மீடியம். ஹார்ட் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. முந்நூறு, ஐந்நூறு என்று போட்டவர்கள் எழுதும் விமர்சனம் நிறையக் கிடைக்கும். இது 61 போட்டவள் எழுதுவது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் லூப் எழுதவே தடுமாறியவளுக்கு இந்தத் தளம் எப்படி இருந்தது என்பதுதான் விஷயம்.

முதலில் ஒரு வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். லீட்கோட்டைத் தொடுவதற்கு முன் காந்திபுரம் பக்கம் ஒரு கோச்சிங் சென்டரில் 38,000 ரூபாய் கட்டினேன். சனி, ஞாயிறு வகுப்பு. மூன்றாவது வாரமே டைனமிக் புரோகிராமிங், பெரிய கணக்கைச் சின்னச் சின்னதாக உடைத்துப் போடும் கடினமான முறை. சொல்லித் தந்த பையன் புரொஜெக்டரில் கடகடவென்று தட்டுவார், நாங்கள் பார்த்துத் தட்டுவோம். ஓடும். எல்லோருக்கும் ஓடும். வீட்டுக்கு வந்து காலித் திரையைத் திறந்தால் முதல் வரி வராது. "பிராக்டீஸ் பண்ணப் பண்ண வந்துரும் மேடம்" என்றார். எதைப் பிராக்டீஸ் செய்வது என்று கேட்டதற்குக் கொடுத்தது ஒரு எக்செல் ஷீட், அது முழுக்க லீட்கோட் லிங்க். அட, இதற்கா 38,000?

லீட்கோட்டில் அக்கவுண்ட் தொடங்கக் காசு வேண்டாம். மூவாயிரத்துக்கு மேல் கேள்விகள் இருக்கின்றன, பெரும்பாலானவை இலவசம். சிலவற்றில் பூட்டு போட்டிருக்கும், அதற்குப் பிரீமியம் கட்ட வேண்டும். எந்தக் கம்பெனியில் எந்தக் கேள்வி கேட்டார்கள் என்று பிரித்துப் பார்ப்பதும் பிரீமியத்தில்தான் வரும். நான் ஒரு பைசா கட்டவில்லை. என் நிலைமைக்குக் கட்டத் தேவையும் வரவில்லை. ஐம்பது ஈஸியைத் தாண்டவே ஏழு மாதம் ஆனவளுக்கு எந்தக் கம்பெனி எதைக் கேட்டால் என்ன?

திரை இடமும் வலமுமாகப் பிரிந்திருக்கும். இடது பக்கம் கேள்வி, இரண்டு மூன்று உதாரணம், கீழே கட்டுப்பாடுகள். வலது பக்கம் நாம் எழுத வேண்டிய இடம். எல்லாம் ஆங்கிலம்தான், தமிழில் எதுவும் கிடையாது. ஆங்கிலம் பெரிய தடை இல்லை; கேள்விகள் எளிய வாக்கியங்களில்தான் இருக்கும். என்னைத் தடுக்கியது வேறு. வலது பக்கம் ஏற்கெனவே 'கிளாஸ் சொல்யூஷன்' என்று ஆரம்பித்து ஒரு ஃபங்ஷனின், அதாவது உள்ளீட்டை வாங்கி விடையைத் திருப்பித் தரும் புரோகிராம் துண்டின், தலைப்பு வரை எழுதி வைத்திருப்பார்கள். வயிற்றுப் பகுதியை மட்டும் நாம் நிரப்ப வேண்டும். நான் படித்த பைத்தான் மொழியில் எல்லாமே பிரின்ட், விடையைத் திரையில் காட்டுவது. விடையைக் கண்டுபிடித்துப் பிரின்ட் போட்டேன். ராங் ஆன்சர். விடை கண்ணுக்கு எதிரே ஸ்டேண்டர்ட் அவுட்புட் பெட்டியில் நிற்கிறது, ஆனாலும் ராங் ஆன்சர். ஒரு மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது: அது பிரின்ட்டைப் பார்ப்பதில்லை, ரிட்டர்னை, அதாவது ஃபங்ஷன் திருப்பிக் கொடுப்பதைத்தான் பார்க்கிறது. வாசலில் நின்று விடையைக் கத்திவிட்டு விடைத்தாளைக் காலியாகக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

இந்த மட்டத்தில் இருப்பவர்கள் நேராக லீட்கோட்டுக்குப் போக வேண்டாம் என்பேன். ஹேக்கர்ரேங்க்கில் ஒரு மாதம் இருந்துவிட்டு வாருங்கள். திருச்சி என்ஐடியில் படித்த இருவர் தொடங்கியது அது. அங்கே முதல் கணக்கே இரண்டு எண்ணைக் கூட்டுவதுதான். உள்ளீட்டைப் படிப்பது, பிரின்ட் செய்வது, படிக்கட்டு மாதிரி குறியீடு வரைவது என்று கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகும். நான் இதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டு, திரும்பிப் போய் இருபது கணக்கு போட்டுவிட்டு வந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் அதற்குப் பிறகுதான் ஃபங்ஷன் என்ற சொல் பயமுறுத்துவதை நிறுத்தியது.

சரி, லீட்கோட்டின் உண்மையான அருமைக்கு வருகிறேன். சப்மிட் அழுத்தித் தப்பாகிவிட்டால் அது வெறுமனே தப்பு என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. மறைத்து வைத்திருக்கும் டெஸ்ட் கேஸ்களில் எத்தனை தேறியது என்று காட்டும். எது முதலில் உடைந்ததோ அதை அப்படியே எடுத்து வைக்கும்: இன்புட், அவுட்புட், எக்ஸ்பெக்டட். என்ன கொடுத்தேன், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும். முதல் தடவை அதைப் பார்த்தபோது சிரித்துவிட்டேன். ஒன்பது வருஷமாக நான் அடுத்தவர்களுக்குப் போட்ட அதே டிக்கெட், என் பேருக்கு. எங்கள் டீமில் ஒரு டெவலப்பர் நான் போடும் ஒவ்வொரு பக்குக்கும் "என் மெஷின்ல ஓடுதே" என்பான். அவனுடைய கோபம் அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

முதல் கணக்கு டூ சம். எண் வரிசை ஒன்று கொடுப்பார்கள், கூட்டுத்தொகை ஒன்று கொடுப்பார்கள். எந்த இரண்டு எண் சேர்ந்தால் அந்தத் தொகை வரும், அவை எந்தெந்த இடத்தில் இருக்கின்றன என்று சொல்ல வேண்டும். 2, 7, 11, 15 கொடுத்து 9 கேட்டால் விடை 0, 1. இடத்தைச் சுழியத்திலிருந்து எண்ணுவார்கள். ஒவ்வொரு எண்ணையும் மற்ற எல்லா எண்ணோடும் கூட்டிப் பார்ப்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும் வழி. லூப்புக்குள் லூப். அது ஓடும். ஆனால் கேள்விக்குக் கீழேயே, இதைவிட வேகமாக முடியுமா என்று ஒரு சீண்டல் இருக்கும். வரிசையில் பத்தாயிரம் எண் வரை வரலாம். பத்தாயிரத்துக்கு ஜோடி போட்டால் ஏறக்குறைய ஐந்து கோடி ஜோடி.

டிக்‌ஷனரியில் போட்டால் வேகம் என்று கோச்சிங்கில் சொன்னது ஞாபகம் இருந்தது. எண்ணை அது இருக்கும் இடத்தோடு எழுதி வைத்தால், கேட்டவுடன் எடுத்துத் தரும் பட்டியல் அது. எல்லா எண்ணையும் டிக்‌ஷனரியில் போட்டேன். பிறகு ஒவ்வொரு எண்ணாக எடுத்து, தொகையில் அதைக் கழித்து, மிச்சம் உள்ளே இருக்கிறதா என்று பார்த்தேன். முதல் உதாரணம் சரி. இரண்டாவது உதாரணம் 3, 2, 4. தொகை 6. விடை 1, 2 வர வேண்டும். எனக்கு வந்தது 0, 0.

அரை நாள் போயிற்று. கடைசியில் நோட்டை எடுத்து, கம்ப்யூட்டர் செய்வதை நானே கையால் செய்து பார்த்தேன். முதல் எண் 3. ஆறில் மூன்று போனால் மூன்று. டிக்‌ஷனரியில் 3 இருக்கிறதா? இருக்கிறது. யார் அது? அதே 3. தன்னையே ஜோடியாக எடுத்துக்கொண்டுவிட்டது.

எங்கள் பெரியப்பா ஒருவர் அன்னூர் பக்கம் கல்யாணத் தரகர். கையில் எப்போதும் ஒரு நீள நோட்டு இருக்கும். யாராவது ஜாதகத்தோடு வந்தால், முதலில் நோட்டைப் புரட்டிப் பொருந்துகிற வரன் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லையென்றால்தான் இவர் பேரை நோட்டில் ஏற்றுவார். பேரை ஏற்றிவிட்டுப் பிறகு தேடினால் மாப்பிள்ளைக்கு மாப்பிள்ளையே பொருந்தித் தொலைப்பான். என் புரோகிராமில் நடந்தது அதுதான். முதலில் தேடு, கிடைக்காவிட்டால் எழுது. இரண்டு லூப்பையும் ஒன்றாக்கி, தேடும் வரியை முன்னும் எழுதும் வரியைப் பின்னும் வைத்தேன். 3, 3 என்று ஒரே எண் இரண்டு முறை வந்தாலும் இப்போது சரியாக வரும். இரண்டாவது 3 வரும்போது முதல் 3 நோட்டில் காத்திருக்குமே. வரிசையை ஒரே ஒரு முறை நடந்தால் போதும். ஐந்து கோடி பத்தாயிரமாகிவிட்டது.

பச்சை எழுத்தில் அக்செப்டட் என்று வந்தது. மணி காலை ஆறே கால். மாமியார் அடுப்படியிலிருந்து, "ஏங்கண்ணு, விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு நோட்டுல கோடு கோடாப் போட்டுட்டு இருக்கறியே, என்னதான் அது?" என்றார். "வரன் பாக்கறேன் அத்தை" என்றேன். இரண்டு நாள் என்னைச் சந்தேகமாகவே பார்த்தார்.

ஈஸி என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த லேபிளைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன். ஈஸியே வரவில்லை என்றால் நான் எதற்கு லாயக்கு என்று. பிறகு புரிந்தது, அது கணக்கு தெரிந்தவர்களுக்கு வைத்த அளவு. ஈஸிக்குள்ளேயே ஏழெட்டுப் படிகள் இருக்கின்றன. இரண்டு எண்ணைக் கூட்டிக் கொடு என்று ஒரு கேள்வி, 2235-ஆவது, அதுவும் ஈஸிதான். டூ சம்மும் ஈஸிதான். இரண்டுக்கும் நடுவில் சிங்காநல்லூருக்கும் சத்திக்கும் உள்ள தூரம். புதிதாக வருகிறவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் வரிசையில் போட ஆரம்பிக்காதீர்கள். இரண்டாவது கேள்வியே மீடியம், அதுவும் லிங்க்ட் லிஸ்ட் (ஒவ்வொரு பெட்டியும் தனக்கு அடுத்த பெட்டியைக் காட்டும் சங்கிலி). நான்காவது ஹார்ட். நான் ஆரம்பித்திருக்க வேண்டிய வரிசையைச் சொல்கிறேன்: 1480 ரன்னிங் சம், 1672 யார் பெரிய பணக்காரர் என்று கேட்பது, 412 ஃபிஸ்பஸ், 217 ஒரே எண் இருமுறை வருகிறதா, 242 அனகிராம். இவற்றை முடித்துவிட்டு டூ சம்முக்கு வந்திருந்தால் அந்த அரை நாள் ஒரு மணி நேரமாகியிருக்கும்.

ஒரு டெஸ்டராக எனக்குப் பிடித்த இடம் கேள்வியின் அடியில் இருக்கும் அந்தக் கட்டுப்பாடுகள். நிறையப் பேர் அதைப் படிப்பதே இல்லை. பங்கு வாங்கி விற்கும் கேள்வி ஒன்று உண்டு, 121-ஆவது. தினசரி விலை வரிசையாக இருக்கும்: 7, 1, 5, 3, 6, 4. ஒரு நாள் வாங்கி, அதற்குப் பிறகு ஒரு நாள் விற்கலாம். அதிகபட்ச லாபம் எவ்வளவு? பெரியதில் சிறியதைக் கழித்தால் 7 கழித்தல் 1, ஆறு என்று மனம் சொல்லும். ஆனால் 7 முதல் நாள், 1 இரண்டாம் நாள். விற்றுவிட்டு வாங்க முடியாது. 1-க்கு வாங்கி 6-க்கு விற்று 5 லாபம். விலை இறங்கிக்கொண்டே போனால், 7, 6, 4, 3, 1 என்று, விடை பூஜ்யம். வாங்காமலே இருப்பதுதான் லாபம்.

மறுபடி லூப்புக்குள் லூப் போட்டேன். ரன் அழுத்தினால், திரையில் இருக்கும் உதாரணங்களுக்கு மட்டும் ஓடும், சரி. சப்மிட் அழுத்தினால் டைம் லிமிட் எக்ஸீடட், நேரம் தாண்டிவிட்டது. கீழே பார்க்கிறேன்: ஒரு லட்சம் நாள் வரை விலை வரலாம் என்று எழுதியிருக்கிறது. லட்சத்துக்கு ஜோடி போட்டால் ஐந்நூறு கோடி. டூ சம்மில் பத்தாயிரம் என்பதால் பிழைத்த வழி இங்கே பிழைக்காது. அதாவது, எந்த வழியில் போக வேண்டும் என்பதற்கான குறிப்பைக் கேள்வியே கையில் கொடுத்துவிடுகிறது. ஆயிரம் என்றால் இரட்டை லூப் தாங்கும், லட்சம் என்றால் ஒரே நடையில் முடிக்கப் பார். இது எனக்கு யாரும் சொல்லித் தராத பாடம்.

ஒரே நடை எப்படி என்று தெரியவில்லை. அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். தங்கம் ஏறிவிட்டது என்று புலம்பினார். "அன்னைக்கு அந்த வெலையில வாங்கியிருந்தா இன்னைக்கு எவ்வளவு நின்னுருக்கும்" என்று வழக்கமான பல்லவி. இதைத்தானே நான் எழுத வேண்டும்! ஒவ்வொரு நாளும், இதுவரை பார்த்த மிகக் குறைந்த விலை என்ன என்று ஞாபகம் வைத்துக்கொள். இன்றைய விலையில் அதைக் கழி. அது இதுவரை பார்த்த லாபத்தைவிட அதிகமா என்று பார். அவ்வளவுதான். இரண்டே எண்ணை மனதில் வைத்துக்கொண்டு லட்சம் நாளையும் ஒரு முறை நடந்து முடிக்கலாம். எங்கள் அம்மா இதை முப்பது வருஷமாகச் செய்கிறார், வாங்கத்தான் இல்லை.

அடைப்புக்குறிக் கணக்கு, 20-ஆவது. ( [ { என்று திறப்பவை எல்லாம் சரியான வரிசையில் மூடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். இதற்கு ஸ்டேக். கடைசியாகப் போட்ட வளையல்தான் முதலில் கழலும், அதுதான் ஸ்டேக். திறப்பு வந்தால் கையில் போட்டுக்கொள், மூடல் வந்தால் மேலே இருப்பதைக் கழற்றி ஜோடிதானா என்று பார். இதில் மட்டும் எனக்கு ரொம்பப் பெருமை. எழுதி முடித்ததும் சப்மிட் போகாமல், டெஸ்ட் கேஸ் பெட்டியில் நானே என் தொழிலைக் காட்டினேன். வெறும் ] மட்டும் கொடுத்தேன். வெறுங்கையில் வளையல் கழற்றப் போய் ரன்டைம் எரர். வெறும் [ மட்டும் கொடுத்தேன். சரி என்று சொல்லிவிட்டது. கையில் வளையல் மிச்சம் இருக்கிறதா என்று நான் கடைசியில் பார்க்கவே இல்லை. இரண்டையும் திருத்தினேன். காலி ஸ்ட்ரிங், அதாவது ஓர் எழுத்துகூட இல்லாத உள்ளீடு கொடுக்கலாமா என்று பார்த்தேன். குறைந்தது ஓர் எழுத்து இருக்கும் என்று கட்டுப்பாட்டிலேயே சொல்லிவிட்டார்கள், அந்தக் கவலை இல்லை. அதற்குப் பிறகு சப்மிட். முதல் முயற்சியிலேயே பச்சை. ஒன்பது வருஷ மேனுவல் டெஸ்டிங் வீண் போகவில்லை என்று எனக்குத் தோன்றிய ஒரே காலை அதுதான்.

படியேறும் கணக்கு ஒன்று, 70-ஆவது. ஒரு தடவைக்கு ஒரு படியோ இரண்டு படியோ ஏறலாம். மொத்தம் இத்தனை படி என்றால் எத்தனை விதமாக ஏறலாம்? மருதமலையில் என் பெண் இப்படித்தான் ஏறுவாள், ஒன்று, இரண்டு, மறுபடி ஒன்று. நோட்டில் போட்டால் 1, 2, 3, 5, 8, 13 என்று வரும். முந்தைய இரண்டையும் கூட்டினால் அடுத்தது. என் கண்ணில் பட்டது வேறு. படிகளின் எண்ணிக்கை 45-ஐத் தாண்டாது என்று போட்டிருந்தது. ஏன் 45? ஐம்பது என்று முழுசாக வைத்தால் என்ன? பவுண்டரி வேல்யூ, அதாவது எல்லையில் நிற்கும் எண் என்றால் டெஸ்டர்களான எங்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 45 படிக்கு விடை 183 கோடியே 63 லட்சத்துச் சொச்சம். 46 படிக்கு 297 கோடி. ஜாவா போன்ற மொழிகளில் சாதாரண முழு எண் பெட்டிக்குள் 214 கோடியே 74 லட்சம் வரைதான் கொள்ளும். 46 வைத்தால் பெட்டி வழிந்துவிடும். அந்த 45 அங்கே சும்மா உட்காரவில்லை போல. இதைப் பார்த்த மகிழ்ச்சி அந்தக் கணக்கு அக்செப்டட் ஆனபோதுகூட வரவில்லை.

சில சில்லறை விஷயங்கள். தினமும் ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பார்கள். நம் நேரத்துக்குக் காலை 5:30-க்கு மாறும். விடாமல் செய்தால் தொடர் கணக்கு ஏறும். ஈஸி வரும் நாளில் இனிக்கும், ஹார்ட் வரும் நாளில் தொடரைக் காப்பாற்ற எவனோ எழுதியதை ஒட்டத் தோன்றும். நான் ஒரு தடவை ஒட்டினேன், அன்றே தொடரைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். ஞாயிறு காலை எட்டு முதல் ஒன்பதரை வரை வாராந்திரப் போட்டி, நான்கு கேள்வி. ஞாயிறு எட்டு மணிக்கு எங்கள் வீட்டில் கறி வாங்கி வந்து அலசும் நேரம். இரண்டு முறை கலந்துகொண்டேன். இரண்டு முறையும் ஒரு கேள்வியோடு எழுந்தேன். ஆரம்பத்தில் இருப்பவர்களுக்கு இது தேவையே இல்லை. அக்செப்டட் ஆனதும், இத்தனை சதவீதம் பேரைவிட உங்கள் புரோகிராம் வேகம் என்று ஒன்று காட்டும். அதையும் கண்டுகொள்ளாதீர்கள், ஒரே புரோகிராமை இரண்டு முறை சப்மிட் செய்தால் இரண்டு நேரம் வரலாம்.

மற்றவர்கள் எழுதிய தீர்வுகளைப் பார்க்க ஒரு பகுதி உண்டு. அதில் முதலில் வருவது பல சமயம் ஒரே வரியில் எழுதிய சாகசமாக இருக்கும். பார்த்தால் நம் ஆறு வரிக்கு அவமானமாக இருக்கும். கீழே இறங்கி, நிதானமாக விளக்கியிருப்பவரைத் தேடுங்கள். கட்டாயம் ஒருவர் இருப்பார். புரியவில்லை என்றால் பைத்தான் டியூட்டர் என்ற இலவசத் தளத்தில் ஒட்டி, வரி வரியாக நகர்த்திப் பாருங்கள். எந்த வரியில் எந்தப் பெட்டிக்குள் என்ன எண் இருக்கிறது என்று படமாகவே காட்டும். என் நோட்டில் நான் கையால் போட்டதைத்தான் அது போடும், ஆனால் அழித்து அழித்து எழுத வேண்டியதில்லை.

ஏஐ பற்றிக் கேட்பீர்கள். கேள்வியை ஒட்டினால் பத்து விநாடியில் விடை வரும். இரண்டு வாரம் அப்படித்தான் ஓட்டினேன், பதினெட்டு கணக்கு அக்செப்டட். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் ஐந்தை எடுத்து வெறும் திரையில் போட்டுப் பார்த்தேன். ஒன்றுகூட வரவில்லை. கோச்சிங் சென்டர் புரொஜெக்டரை நானே வீட்டுக்குக் கொண்டுவந்த மாதிரி. அந்தப் பதினெட்டையும் கழித்துத்தான் 61 என்று சொல்கிறேன். இப்போது அதனிடம் விடை கேட்பதில்லை. இந்த இன்புட்டுக்கு என் புரோகிராம் ஏன் உடைகிறது, திருத்தாமல் காரணத்தை மட்டும் சொல் என்று கேட்கிறேன். அதுவும் நோட்டில் போட்டுப் பார்த்து முடியாவிட்டால்தான்.

போனில் மட்டும் செய்யாதீர்கள். பஸ்ஸில் போகும்போது போடலாம் என்று நானும் நினைத்தேன். ஓர் அடைப்புக்குறிக்கு மூன்று முறை கீபோர்டு மாற்ற வேண்டும். கேள்வியைப் படித்துவிட்டு யோசித்துக்கொண்டு போகலாம், அவ்வளவுதான். எனக்குப் பாதி கணக்கு புரிந்தது காந்திபுரம் சிக்னலில்தான்.

என் தீர்ப்பு: ஐந்துக்கு நான்கு. லீட்கோட் பள்ளிக்கூடம் மாதிரி என்று நினைத்துப் போனால் மூன்றாம் நாள் ஓடி வந்துவிடுவீர்கள். பரீட்சை ஹால் என்று நினைத்துப் போங்கள். ஆனால் எத்தனை முறை தோற்றாலும் எந்த இடத்தில் தோற்றோம் என்று காகிதத்தில் எழுதிக் கொடுக்கும் ஹால். படிப்பை வேறெங்காவது முடித்துக்கொண்டு போக வேண்டும். அதற்குத்தான் ஒரு நட்சத்திரத்தைக் கையில் வைத்துக்கொள்கிறேன்.

போன மாதம் ஓர் இன்டர்வியூ போனேன். முதல் ரவுண்டில் ஒரு வார்த்தையில் ஒரே ஒரு முறை வரும் முதல் எழுத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். 387-ஆவது கணக்கு, நான் போட்டதுதான். இருந்தாலும் உடனே தட்டவில்லை. "காலி ஸ்ட்ரிங் வருமாங்க? பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒண்ணா, வேறயா? எல்லாமே ரெண்டு தடவை வந்தா என்ன தரணும்?" என்று கேட்டேன். எதிரே இருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க டெஸ்டிங்கா?" என்றார். இரண்டு முறை நடந்தேன்: முதல் நடையில் எண்ணிக்கை, இரண்டாவது நடையில் எண்ணிக்கை ஒன்றாக இருக்கும் முதல் எழுத்து. தேறிவிட்டேன்.

இரண்டாவது ரவுண்டில் ஒரு லிங்க்ட் லிஸ்ட்டைத் தலைகீழாகத் திருப்பச் சொன்னார்கள். அந்தப் பக்கமே நான் போகாமல் தவிர்த்து வந்திருந்தேன். அரை மணி நேரம் மேலும் கீழும் பார்த்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

206-ஆவது கணக்கு அது. ஈஸி என்று போட்டிருக்கிறது. நோட்டில் பெட்டி பெட்டியாக வரைந்து அம்புக்குறி போட ஆரம்பித்து ஆறு பக்கம் ஆகிவிட்டது. ஓர் அம்பைத் திருப்பினால் அதற்குப் பின்னால் இருந்த ரயில் முழுக்கக் கழன்று போய்விடுகிறது. கழலுவதற்கு முன்னால் அடுத்த பெட்டியை ஒரு கையில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது வரை வந்திருக்கிறேன். இன்னும் திரும்பவில்லை.